மரியா சொலெதாத்துக்கு வெள்ளைக் கொடி

மெக்சிக்கோ நாட்டின் பெண்கள் கால்பந்து ஆட்டக்காரி மரியா சொலெதாத் பரகானின் ஆன்மா இளைப்பாற, எங்கள் மோர்லண்ட் றப்பர் தோட்டத்து செபஸ்தியார் கோயிலில் வியாழக்கிழமை மாலை பூசை நடந்தது. அந்த நேரத்தில் அவர் தன் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அங்கே இன்னும் விடியவில்லை.

இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. என் தங்கச்சி அனோஜா எங்கள் தோட்டத்துப் பெண்கள் டீமின் ஃபோர்வர்ட். சொலெதாத்தும் ஃபோர்வர்ட். அனோஜா றப்பர் பால் வெட்டும்போது காதில் வயரை மாட்டிக்கொண்டு, ஒரு எழுத்தும் புரியாத ஸ்பானிய வர்ணனையைக் கேட்பாள். மெக்சிக்கோவில் ராத்திரி ஆட்டம் என்றால் இங்கே றப்பர் மரத்தில் கத்தி வைக்கிற நேரம். போன வருசம் சொலெதாத்தின் முழங்கால் நரம்பு அறுந்ததும் இவள் ஒரு வாரம் சாப்பாட்டைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். இப்போது சொலெதாத் தேறி, வருகிற சனிக்கிழமை மறுபடி மைதானத்தில் இறங்குவதாகச் செய்தி. அதைக் கேட்ட எங்கள் அம்மா தெரேசம்மா, கோயில் வாசலில் உபதேசியார் ரெஜினோல்டைப் பிடித்து, "மரியா சொலெதாத்துக்காக ஒரு பூசை ஒப்புக்குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

எங்கள் கோயிலில் உயிரோடு இருப்பவர்களுக்கு யாரும் பூசை கேட்பதில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கு மெழுகுதிரி, செத்தவர்களுக்குப் பூசை. ஆகவே உபதேசியார் மேற்கொண்டு ஒன்றும் விசாரிக்கவில்லை. தொண்டையைச் செருமி, "மரித்த மரியா சொலெதாத்தின் ஆன்மா நித்திய இளைப்பாற்றி அடையும்படியாக" என்று வாசித்துவிட்டார். பக்கத்தில் நின்ற அனோஜா என் கையைக் கிள்ளியதில் எனக்கு ஜெபமே மறந்துபோனது.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அப்பா அருளப்பன் கேட்டார். "யாரு அது?"

"நம்ம அனோஜாவுக்குத் தெரிஞ்ச புள்ள. வெளிநாட்டுல இருக்கிறது" என்றார் அம்மா.

அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் வெளிநாட்டில் இருக்கும் பெண் என்றால் எங்கள் தோட்டத்தில் ஒரே அர்த்தம்தான். ஏஜென்சி, விசா, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. அப்படிப் போனவர்களில் சிலர் வருகிற விதமும் தோட்டத்துக்குத் தெரியும். விடிவதற்குள் கோயிலில் இருந்து எங்கள் லயத்து வீட்டு வரிசை வரைக்கும் சாவுக்கான வெள்ளைக் கொடி கட்டியாகிவிட்டது. மரண உதவிச் சங்கம் அவ்வளவு சுறுசுறுப்பு. உயிரோடு இருக்கும்போது தண்ணீர்க் குழாய் உடைந்தால் மூன்று மாதம் ஆகும்.

வெள்ளிக்கிழமை காலை அனோஜா கொடிகளைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் பாய்ந்தாள். அம்மா ரொட்டிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அவ சாகலம்மா. போய்ச் சொல்லு."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருக்கியா?"

"உங்கப்பா நேத்து சாப்பிடல, பாத்தியா? விடியக்கால எழும்பி என்ன சொன்னாரு தெரியுமா? 'புள்ளைய அனுப்ப வேணாம் போல இருக்கு தெரேசு'ன்னாரு."

 திங்கட்கிழமை காலை அனோஜா அப்பாவோடு குருணாகலுக்குப் போய், குவைத் ஏஜென்சியில் மெடிக்கல் எடுப்பதாக இருந்தது. புது வீட்டுக்குப் போட்ட அத்திவாரம் இரண்டு மழைக்காலம் கண்டு பாசி பிடித்து நிற்கிறது. சுவர் எழும்ப வேண்டும் என்றால் ஒருத்தர் கடல் தாண்ட வேண்டும் என்பது அப்பாவின் பொறியியல்.

"நான் அங்க நாலு வருசம் இருந்துட்டு வந்து எவ்வளவோ சொன்னேன்" என்றார் அம்மா. "அந்த மனுசன் காதுல ஏறல. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தி செத்துட்டான்னதும் ஏறுது. திங்கக்கிழம கழியட்டும். அது வரைக்கும் செத்தவ செத்தவளாவே இருக்கட்டும். பொறகு எழும்பிக்கட்டும்."

"வெள்ளியில இருந்து கணக்குப் பாத்தா, ஒரு நாள் கூடினாலும் அது நம்ம வேதத்துக்குப் பொருத்தமாத்தான் வருது" என்றேன்.

அம்மா துருவலைப் பலகையைத் தூக்கினார். நான் கதவுக்கு வெளியே நின்று மீதியைக் கேட்டேன்.

அனோஜா நின்ற இடத்தில் நிற்காமல், வலது காலால் தரையைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். குவைத்துக்குப் போகாமல் இருப்பதற்கு அவள் கேட்காத புனிதர் இல்லை. இது கேட்காமலே வந்திருக்கிறது.

"ஹரி" என்றாள், சிங்களத்தில் சரி என்று.

அந்த ஹரியின் ஆயுள் நல்லையா தலைவர் வந்து சேரும் வரைக்கும்தான். அவர் மரண உதவிச் சங்கத்துக்கும் தலைவர், விளையாட்டுக் கழகத்துக்கும் தலைவர். தோட்டத்தில் இருப்பது ஒரே ஒரு கூடாரமும் ஒரே அடுக்கு பிளாஸ்டிக் கதிரைகளும்தான் என்பதால் ஒரே ஆள் இருப்பதுதான் வசதி. அவர் கூடாரத்தை எங்கள் வாசலில் இறக்க வைத்துவிட்டு, அப்பாவின் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அருளு, ஞாயித்துக்கிழம கோயில் திருநாளு நடக்கும். பூசை, சப்பரம் எல்லாம் சாமி காரியம். நான் இந்து, அதுல கை வைக்க மாட்டேன். ஆனா அன்னைக்கு வழக்கமா வைக்கிற பந்தாட்டம் இந்தத் தடவ இல்ல. சாவு விழுந்த தோட்டத்துல புள்ளைங்க பந்து ஒதைக்கிறது அழகில்ல."

அனோஜாவின் கால் நின்றுவிட்டது. அது நின்று நான் பார்த்தது அபூர்வம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் கொழும்பில் இருந்து நுஸ்கா மிஸ் வருவதாக இருந்தார். அங்கே ஒரு பெண்கள் கிளப்புக்கு அவர் கோச். ரம்புக்கனையில் நடந்த ஒரு ஆட்டத்தில் அனோஜாவை அரைமணி நேரம் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். எடுத்தால் தங்குமிடம், பயிற்சி, ஒரு வேலை. அனோஜா லயத்துக்குப் பின்னால் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி அவருக்கு அழைத்தாள்.

"மிஸ், அடுத்த ஞாயிறு வர ஏலுமா?"

"ஏலாது தங்கச்சி. அதுக்கு முந்தியே டீம் பதிஞ்சு முடியணும். ஏன், மேச் இல்லையா?"

"இருக்கு மிஸ்" என்றாள் அனோஜா. பாறையில் இருந்து இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்கினாள்.

மதியத்துக்குப் பின் துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, கை கழுவி, வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்கள். செத்தவரைத் தெரியாத வீட்டில் என்ன பேசுவது என்று யாருக்கும் தெரியாததால், தெரிந்தவளான அனோஜாவைக் கூடாரத்தின் நடுவே உட்கார வைத்தார்கள். அவள் எந்தக் கேள்விக்கும் பொய் சொல்லவில்லை. நான் பிளேன்டீ தட்டோடு நின்று கேட்டேன்.

"எத்தன வருசமா மெக்சிக்கோவுல இருந்துச்சு?" என்று ஆரம்பித்தார் அடுத்த காம்பரா வீட்டு வெள்ளையம்மா.

"பொறந்ததுல இருந்து."

"பவ், பாவம் புள்ள. லீவே குடுக்கல போல."

சுகந்தினி அக்கா சவூதியில், தம்மாமில் இரண்டு ஒப்பந்தம் முடித்துவிட்டு வந்தவர். அவர் கேள்விகள் நேராக விசயத்துக்கு வந்தன. "எத்தன எடத்துல வேல?"

"மூணு கிளப்புலக்கா. மொதல் எடத்துல ஒரு வருசம் சும்மா உக்கார வச்சாங்க. எறக்கவே இல்ல."

"வேல குடுக்காம உக்கார வைக்கிறதும் கொடுமதான். ஏஜென்டுகிட்ட சொல்லலியா?"

"அவன் ஃபோன் எடுக்கல."

கூடாரம் முழுக்கத் தலையாட்டியது. அந்த ஏஜென்டை எல்லோருக்கும் தெரியும்.

"அதுக்குப் பொறகு வேற கிளப்புக்குக் கடனுக்கு அனுப்புனாங்க. அங்கதான் நல்லா வந்தாங்க. ஒரு வருசம் அந்த லீக்லயே அவங்கதான் கூடக் கோல் அடிச்சது. பொறகு அரையிறுதியில ஒரு பெனல்டிய வெளிய அடிச்சிட்டாங்க. எல்லாரும் திட்டுனாங்க. ஃபேஸ்புக்ல அம்மாவையும் சேத்துத் திட்டுனாங்க."

"ஒரு தப்புக்கு அம்மாவையுமா" என்றார் வெள்ளையம்மா. "திட்டுனது அந்த வீட்டு மேடம்தானே?"

"வீடு இல்லங்க. ஃபுட்போல். ஃபுட்போல்தான் அவங்க வேலையே."

"வேல முடிஞ்சு வெளையாட விட்டிருக்காங்க. நல்ல எடந்தான்" என்று வெள்ளையம்மா மற்றவர்களுக்கு விளக்கினார்.

"முழங்காலுல அடின்னு கேள்விப்பட்டேன், எப்படிப் பட்டுச்சு?" என்றார் சுகந்தினி அக்கா.

"பின்னால வந்து தள்ளிட்டாங்க."

"மாடியில இருந்தா?"

"கிரவுண்ட்லக்கா."

சுகந்தினி அக்கா தன் இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். அது ஏன் வளைந்திருக்கிறது என்று தோட்டத்தில் யாரும் கேட்பதில்லை.

கூடாரத்தின் ஓரத்தில் அப்பா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வாழ்க்கையை அவ்வளவு கவனமாகக் கேட்டு அவரை நான் பார்த்ததில்லை. கடைசியில் எழுந்து, நல்லையா தலைவர் முன்னால், உபதேசியார் முன்னால் சொன்னார். "என் புள்ளைய அனுப்பல. ஏஜென்சிக்காரன்கிட்ட சொல்லிர்றேன்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பார்த்தவர்கள் அழுகை என்று நினைத்தார்கள்.

அனோஜாவுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அவள் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும். மழை பிடித்துக்கொண்ட பிறகும், லயத்தில் இருந்து கோயில் வரைக்கும் ஓடினாள், திரும்பி ஓடிவந்தாள். ஒவ்வொரு வெள்ளைக் கொடியையும் எதிராளி மாதிரி வளைத்துக்கொண்டு ஓடினாள். நான் குடையோடு படியில் உட்கார்ந்திருந்தேன்.

"குவைத் போகல. பொறகு என்னடி?"

"போகாம? திங்கக்கிழம மரத்துக்குப் போவேன். செவ்வாக்கிழமையும் மரத்துக்குப் போவேன்." மூச்சு வாங்க என் முன்னால் நின்றாள், ஆனால் கால் நிற்கவில்லை. "ஞாயித்துக்கிழம ஆடலைன்னா நுஸ்கா மிஸ் வேற யாரையாவது எடுத்துக்குவாங்க. நாளைக்குக் காலையில சொலெதாத் எறங்குறாங்கண்ணே. உன் ஃபோன்ல டேட்டா இருக்கா?"

"காட்டுனா அப்பா மனசு மாறிடும். மெடிக்கலுக்குப் போகணும்."

"தெரியும்."

"ரெண்டும் போயிடும்டி. ஞாயித்துக்கிழம நீ ஒழுங்கா ஆடலைன்னா, குவைத்து மட்டும்தான் மிச்சம்."

"தெரியுதுன்னு சொல்றேன்ல" என்று மறுபடி ஓடினாள்.

இரவு முழுக்கப் பெய்த மழையில் மரமெல்லாம் நனைந்து, சனிக்கிழமை பால்வெட்டு இல்லை என்று கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார். வேலையில்லாத தோட்டத்துக்குத் துக்கவீட்டை விட நல்ல இடம் கிடையாது. காலை ஆறரைக்கே கூடாரம் நிறைந்துவிட்டது. அனோஜா நடுவே ஒரு கதிரையைப் போட்டு, அதன் மேல் என் ஃபோனைச் சாய்த்து வைத்தாள். சமையலறைக் கதவில் நின்ற அம்மா அதைப் பார்த்தார், அனோஜாவைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

"என்னது, செத்த வீட்டுல மேச்சு?" என்றார் நல்லையா தலைவர்.

"கொஞ்சம் பாருங்க மாமா."

சிக்னல் வந்து வந்து போனது. மஞ்சள் சட்டைக்காரிகளும் நீலச் சட்டைக்காரிகளும் உறைந்து நின்று, திடீரென்று வேறு இடத்தில் முளைத்தார்கள். இடைவேளை போனது. பிளேன்டீ இரண்டு சுற்றுப் போனது. சொலெதாத் இறங்கவில்லை. அனோஜா கதிரையைச் சுற்றி நடந்துகொண்டே இருந்தாள். வெள்ளையம்மாவுக்குத் தலை சுற்றி, "உக்காரு புள்ள" என்று இரண்டு தரம் சொன்னார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில்தான் வெளிக்கோட்டுப் பக்கம் ஒருத்தி எழுந்து, முழங்கால் பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள். அது எங்கள் வீட்டுச் சுவரில் அனோஜா ஒட்டி வைத்த படத்தின் முகம்; பெயர் தெரியாவிட்டாலும் முகம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"இவங்கதான்" என்றாள் அனோஜா.

 சொலெதாத் உள்ளே ஓடி, வந்த முதல் பந்தையே காலுக்கடியில் தவறவிட்டார்.

"இது சாகுறதுக்கு முந்தி எடுத்த படம்" என்றார் நல்லையா தலைவர்.

"இப்ப நடக்குது மாமா."

"அங்க ராத்திரியா இருக்கே."

"அங்க இன்னும் வெள்ளிக்கிழம ராத்திரி."

"பாத்தியா. வெள்ளிக்கிழம உசுரோட இருந்தவங்க சனிக்கிழம சாகலாம்தானே."

உபதேசியார் ரெஜினோல்ட் நீண்ட நேரம் விரலை மடக்கி ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மையான மனிதர். "இல்ல தலைவரே, நான் வாசிச்சது வியாழக்கிழம. வெள்ளிக்கிழம ஓடுறாங்கன்னா அது சரி வராது."

சுகந்தினி அக்கா ஃபோனுக்குக் கிட்ட வந்து குனிந்தார். "அடி, இது வீட்டு வேலைக்காரி இல்ல. இவளுக்காக ஊரே கத்துது." அவர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூடாரம் முழுக்கச் சிரிப்பு. சொலெதாத் இரண்டு பேரைத் தாண்டி அடித்த பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனபோது வெள்ளையம்மா, "பரவால்ல தங்கம், எழும்பி வந்ததே பெரிசு" என்று ஃபோனைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வெளியே போய் நனைந்த அத்திவாரத்தின் மேல் நின்றார். அனோஜா பின்னாலேயே போனாள். எனக்கு அழைப்பில்லை, இருந்தாலும் போனேன்.

"அப்ப உசுரோட இருக்கா."

"ஆமாப்பா."

"இத நீ காட்டலைன்னா திங்கக்கிழம ஏஜென்சிக்குப் போகத் தேவையில்ல. அது தெரியுமா?"

"தெரியும்."

"பொறகு ஏன் காட்டுன?"

"நாளைக்கு ஆடணும்பா."

அப்பா ஒரு கல்லைக் காலால் நகர்த்தினார். "நாளைக்கு ஆடு. திங்கக்கிழம கத திங்கக்கிழம." ஏஜென்சிக்காரனுக்கு அவர் இன்னும் அழைத்துச் சொல்லியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கட்டிய கொடியைச் சும்மா அவிழ்ப்பதற்குச் சங்கத்தில் முன்மாதிரி இல்லை என்று நல்லையா தலைவர் தயங்கினார். கடைசியில் நான்கு கொடிகளை மைதானத்தின் நான்கு மூலையிலும் நட்டு அந்தப் பிரச்சினையைத் தீர்த்தார். எங்கள் மைதானம் ஒரு பக்கம் சரிவு. மேலே இருக்கும் டீமுக்குப் புவியீர்ப்பும் சேர்ந்து விளையாடும். ஞாயிற்றுக்கிழமை முதல் பாதியில் அனோஜா கீழே. பந்து அவளிடம் வந்ததே சில தடவைதான், அதில் ஒன்றை றப்பர் மரத்துக்குள் அடித்தாள். இரண்டாம் பாதியில் ஒரு கோல் போட்டாள். அதுவும் அழகான கோல் இல்லை, சேற்றில் விழுந்துகொண்டே முழங்காலால் தள்ளியது.

நுஸ்கா மிஸ் குடை பிடித்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார், அவர்தான் அப்பா என்று தெரியாமலே. ஆட்டம் முடிந்து அனோஜா வந்ததும் கேட்டார்.

"பந்து ஒன்ட கிட்ட இல்லாத நேரமும் ஓடிட்டே இரிக்கிறாய். சும்மா நிக்கத் தெரியாதா?"

"தெரியாது மிஸ்."

"நாளைக்குக் காலைல கொழும்புக்கு வா. மத்த பிள்ளைகளோட வச்சிப் பாக்கணும். எடுப்பேன்டு இப்ப சொல்ல மாட்டேன்."

"நாளைக்கா மிஸ்?"

"நாளைக்குத்தான். வேற நாள் இல்ல."

அப்பா தொண்டையைச் செருமினார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வரும் வழியிலும் சொல்லவில்லை. சாப்பிடும்போதும் சொல்லவில்லை. அம்மா இரண்டு தடவை சட்டியை வேண்டுமென்றே சத்தமாக வைத்துப் பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அப்பா வெள்ளைச் சட்டை போட்டார். அனோஜா ஒரு பையில் பாஸ்போர்ட்டையும் பூட்ஸையும் சேர்த்து வைத்தாள். "கூடப் போடா. அவரு எந்தப் பக்கம் நிக்கிறாருன்னு பாத்துச் சொல்லு" என்று அம்மா என்னை அனுப்பினார்.

வரக்காப்பொலையில் இறங்கினோம். கண்டி ரோட்டின் இந்தப் பக்கம் குருணாகல் பஸ் நிற்கும், எதிர்ப்பக்கம் கொழும்பு பஸ். ஆட்டோ எங்களை இறக்கிவிட்டது இந்தப் பக்கம். அப்பா அங்கேயே நின்றார். அனோஜா பையை ஒரு தோளில் இருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள்.

குருணாகல் பஸ் வந்தது. கொண்டக்டர் கையசைத்தான். அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுல எடமில்ல" என்றார்.

பாதி சீட் காலியாக இருந்தது. பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ் வந்தது. "இவன் வேகமா ஓட்டுவான்" என்றார் அப்பா, டிரைவரை முன்பின் பார்த்திராதவர்.

மூன்றாவதைப் பற்றி அவர் கருத்துச் சொல்லவே இல்லை. அது நின்றது, கொஞ்சம் பார்த்தது, போய்விட்டது. எதிர்ப்பக்கம் ஒரு கொழும்பு பஸ் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அனோஜா அதையே பார்த்தாள். தூரத்தில் இன்னொன்று வருவது தெரிந்தது.

"அப்பா, நான் அந்தப் பக்கம் போறேன்" என்றாள்.

 அவள் கையை நீட்டி ஒரு லொறியை மறித்து, பாதி ரோட்டைத் தாண்டிய பிறகு அப்பா, "இடது பக்கம் பாத்துப் போ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குருணாகல் பஸ் எல்லாம் இன்னைக்குச் சரியில்லன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்றார். இரண்டு பக்கமும் பார்த்து, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவள் பின்னால் ரோட்டைத் தாண்டினார்.